மூன்றாவது கியரில் மாட்டிய கல்யாணக் கார்

வெள்ளூத்துக் கடைவீதியில் ராயப்பனின் கல்யாணக் கார் மூன்றாவது கியரில் மாட்டிக்கொண்டு தரையை விட்டு எழும்பியபோது, பின்சீட்டில் அன்று காலைதான் தாலி கட்டிக்கொண்ட மின்னல்கொடியும் கட்டிய பவுன்ராஜும் ஒருவரை ஒருவர் இன்னும் சரியாகப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். கார் எந்த அவசரமும் காட்டாமல், கீரைக்காரிகளின் குடைகளுக்கு மேலே, பெட்டிக்கடைத் தகரங்களுக்கு மேலே, தபாலாபீஸ் மாடிக்கு மேலே போய், ஏலக்காய் மூட்டை அடுக்கும் கிட்டங்கியின் ஓட்டு முகட்டைத் தாண்டி ஒரு தென்னை உயரத்தில் நின்றது. முன்னால் கட்டியிருந்த சம்பங்கி மாலை மட்டும் கொஞ்ச நேரம் ஆடியது. கீழே நின்றவர்களில் பாதிப்பேர் அண்ணாந்து பார்த்தார்கள், மீதிப்பேர் வழி கிடைத்தது என்று சைக்கிளை மிதித்தார்கள்.

எங்கள் ஊரிலும் மலையடிவாரத்துப் பட்டிகளிலும் அந்தக் காரில் ஏறாமல் புகுந்த வீட்டுக்குப் போன பெண் கிடையாது. பழைய காலத்துக் கார். கியர்த்தண்டு தரையில் இருக்காது. ஸ்டியரிங்குக்குக் கீழே, அதன் கழுத்திலிருந்து பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். அதை அசைத்தால் அந்த அசைவு ஸ்டியரிங் தண்டை ஒட்டியே இறங்கி, பானெட்டுக்குள் இருக்கும் இரண்டு சின்ன இரும்புக் கைகளுக்குப் போய், அவை தள்ளுகிற கம்பிகள் வழியாகக் கியர்பெட்டியைச் சேரும். சில மாதங்களாகவே கியர் இறுகித்தான் வந்தது. ராயப்பன் அதைத் தட்டுவார், முழங்கையால் இடிப்பார், ரொம்பவும் அடம்பிடித்தால் மாதாவைக் கூப்பிடுவார், அது விழுந்துவிடும். "நம்ம கைக்கு மட்டுந்தான் அது கட்டுப்படும்" என்று அதையே ஒரு பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அன்று கட்டுப்படவில்லை. மேலே நின்றதும் பதறிப்போய்த் தண்டைப் பிடித்து ஓங்கி ஒரு இழுப்பு இழுத்தார், கார் இன்னும் ஒரு முழம் ஏறியது. மறுபடி இழுத்தார், மறுபடி ஒரு முழம். எஞ்சினை அணைத்துப் பார்த்தார், கார் இருந்த இடத்திலேயே இருந்தது. பிறகுதான் கதவு வழியே கீழே எட்டிப் பார்த்தார். சொந்த வீட்டுக் கூரைக்குக்கூட ஏறியறியாத மனிதர். பார்த்த மாத்திரத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டு முன்சீட்டின் இடதுபக்கமாக நகர்ந்து சுருண்டவர், அதன்பிறகு கண்ணைத் திறக்கவே இல்லை.

தென்னையேறத் தெரிந்தவர்கள் கிட்டங்கியை ஒட்டி நின்ற மரங்களில் ஏறிக் கயிறு வீசினார்கள். பெண்ணையும் மாப்பிள்ளையையும் இறக்குவதற்கு முன்னால், கயிறு தாங்குமா என்று பார்க்க, காரின் பின்பக்கத்தில் இருந்த சீர்வரிசைப் பெட்டியை முதலில் இறக்கினார்கள். பெட்டி தரையைத் தொட்டதும் கார் ஒரு ஆள் உயரம் ஏறிக்கொண்டது. அவசரமாகப் பெட்டியைத் திரும்ப மேலே அனுப்பினார்கள். கார் ஏறிய இடத்திலேயே நின்றது. ஏறத் தெரிந்ததே தவிர அதற்கு இறங்கத் தெரியவில்லை. தேர் இழுப்பதுபோல வீதியே சேர்ந்து கயிற்றைப் பிடித்து இழுத்தும் பார்த்தது, உள்ளங்கைகள் சிவந்ததுதான் மிச்சம். கடைசியில், காருக்குள் இருக்கிற ஒரு குண்டுமணிகூட வெளியே வரக்கூடாது என்று முடிவு செய்து, நாலு மரங்களில் நாலு கயிற்றைக் கட்டிவிட்டு எல்லோரும் சாப்பிடப் போனார்கள்.

மறுநாள் முதல் வெள்ளூத்து அந்தக் காரோடு வாழப் பழகிவிட்டது. முதலில் பழகியவர் முடிவெட்டும் வீரணன். கடைக்குள் புழுக்கம் தாங்காமல் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து காரின் நிழலில் போட்டார், நிழல் நகர நகர நாற்காலியும் நகர்ந்தது, பாதி முகம் மழித்தவர்கள் நாற்காலியின் பின்னாலேயே நடந்தார்கள். அடுத்து வெள்ளரிப்பிஞ்சுக்காரி வந்தாள், அவளுக்குப் பின்னால் பூக்காரி, அவளுக்குப் பின்னால் கிளி ஜோசியர், நிழல் இவ்வளவுதான் என்பதால் மூவருக்கும் சண்டை வந்து, காலை நிழல் வெள்ளரிக்கு, சாயங்கால நிழல் பூவுக்கு, உச்சிவேளையில் கிளிக்கு என்று ஊர்ப் பெரியவர்கள் பேசிப் பிரித்துக்கொடுத்தார்கள். மலை பஸ் டிரைவர்கள் வளைவில் வரும்போதே ஹாரன் அடித்து மேலே கும்பிட்டுவிட்டுப் போனார்கள். காருக்கு மூன்று வேளையும் கூடையில் சாப்பாடு ஏறியது, தெருவுக்கு ஒரு வேளை. தூக்குவாளியில் தேநீர் ஏறும்போது சிந்தாமல் இழுப்பதில் கைதேர்ந்தவர்கள் உருவானார்கள். சாப்பிட்ட பாத்திரமும் கீழே இறங்கக்கூடாது என்பதால் எல்லோரும் இலையில்தான் அனுப்பினார்கள், இலையும் பின்சீட்டுக்கடியிலேயே அடுக்கப்பட்டது. கதவுக் கண்ணாடிகளுக்குச் சேலைத் துணியில் திரை தைத்து அனுப்பினார்கள். மற்றத் தேவைகளுக்கு ஊர்ப் பெண்கள் கூடிப் பேசி ஏதோ ஏற்பாடு செய்தார்கள், அதை ஆண்கள் யாரும் விசாரிக்கவில்லை. ஏன் மிதக்கிறது என்று கேட்டவர்கள் வெளியூர்க்காரர்கள் மட்டுந்தான். எங்களுக்கு இருந்த ஒரே கேள்வி எப்போது இறங்கும் என்பது.

அதற்குப் பதில் சொல்லவேண்டியவர் மஸ்தான் பாய். ஊரில் பட்டறையும் கடைசல் இயந்திரமும் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். கல்யாணத்துக்கு வந்த ஒலிபெருக்கிக் குழாய் ஒன்றை வாயில் வைத்து மேலே பார்த்துக் கத்தினார்:

"ராயப்பண்ணே! பானெட்டைத் தொறந்து ஸ்டியரிங் அடியில பாருங்க, ரெண்டு கையும் நேரா நிக்குதா, ஒண்ணு சாஞ்சு நிக்குதான்னு!"

பின்சீட்டுத் திரை விலகியது. நெற்றிச்சுட்டி கலையாத ஒரு முகம் எட்டிப் பார்த்தது.

"பாய், அண்ணன் கண்ணையே தொறக்க மாட்டேங்கிறாரு. நான் பாக்கட்டுமா?"

"ஒனக்கு என்னத்தா தெரியும்?"

மின்னல்கொடி கொஞ்சம் தயங்கினாள். "டிராக்டர் தெரியும் பாய். ஓட்டவும் தெரியும், பிரிக்கவும் தெரியும்."

பெண் டிராக்டர் ஓட்டுவாள், கரும்புலோடு ஏற்றி ஆலைக்குப் போய் வருவாள், வழியில் நின்றால் தானே சட்டையை மாட்டிக்கொண்டு அடியில் படுத்துவிடுவாள் என்பதையெல்லாம் தரகர் மறைத்திருந்தார். வெளியே சொல்லக்கூடாது என்று பெண்ணின் அம்மாவிடமும் சத்தியம் வாங்கியிருந்தார். பவுன்ராஜ், ஏலக்காய் ஏலக்கடையில் எடை பார்க்கிறவன், சத்தமாகப் பேசத் தெரியாதவன், கல்யாணமான பிறகு முதன்முதலாகத் தன் மனைவியின் முகத்தை நேராகப் பார்த்தான்.

"நெஜமாவா?"

"நெஜந்தான். கோவமா?"

"இல்ல" என்றான் அவன். "எனக்கு சைக்கிளே சரியா வராது."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு கீழே வெள்ளரிக்கூடை வரைக்கும் கேட்டது.

செய்தி பவுன்ராஜின் அம்மா சொர்ணத்தாயின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவள் அடுப்பிலிருந்த பாலை இறக்கிவைத்தாள். கார் மேலே போனதைச் சொன்னபோதுகூட அவள் இப்படி ஆகவில்லை. "டிராக்டர் ஓட்டுனா ஓட்டிட்டுப் போறா. எங்கிட்ட ஏன் மறைச்சாக?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். மகன் ஆகாயத்தில் இருக்கிறான், மருமகள் ஆகாயத்தில் இருக்கிறாள், அவள் வாசலுக்கு வந்து ஒருதரம்கூட அண்ணாந்து பார்க்கவில்லை. அந்தப் பெண் இறங்கி வந்தாலும் இந்த வீட்டுப் படியேற முடியுமா என்று தெருவில் பேச்சு எழுந்தது. அது மேலேயும் கேட்டிருக்கும். காற்று அப்போது அந்தப் பக்கமாகத்தான் அடித்தது.

மின்னல்கொடி நெற்றிச்சுட்டியையும் சங்கிலிகளையும் கழற்றிப் பவுன்ராஜின் மடியில் வைத்தாள். பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். பவுன்ராஜ் கயிறு ஒன்றை அவள் இடுப்பில் கட்டி, மறுமுனையைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு, சீட்டுக்கடியில் காலை ஊன்றிக்கொண்டான். கதவைத் திறந்து அவள் படிப்பலகையில் கால்வைத்தபோது கீழே வீரணனின் கத்தி பாதிக் கன்னத்தில் நின்றது. அவள் மட்கார்டின் மேல் குதிரையில் உட்காருவதுபோல ஏறி உட்கார்ந்து, சம்பங்கி மாலையை ஓரமாகத் தள்ளி, பானெட்டைத் தூக்கிக் கம்பியை மாட்டினாள். அதைப் பார்த்தவர்கள் எல்லோரும் இன்றைக்கும் அதைச் சொல்கிறார்கள், சொல்லும்போது கழுத்தைப் பின்னால் சாய்த்துக்கொள்கிறார்கள்: மேலே வெயில், வெயிலில் அந்த மாம்பழ நிறச் சேலை, சேலைக்குக் கீழே ஒன்றுமே இல்லாத காற்று, அதில் அவள் வீட்டு அடுப்படியில் இருப்பதுபோல உட்கார்ந்திருந்தது.

"ஒரு கை சாஞ்சிருக்கு பாய்!" என்று கத்தினாள். "சுத்தியும் கிரீஸ் காஞ்சு தார் மாதிரி கெடக்கு."

"அதான் மாட்டுது. தண்டை யாரும் இழுக்காதீக. மொதல்ல மண்ணெண்ணெய் ஊத்திக் கழுவு. கழுவுனதும் கையால சாஞ்சதை நிமித்து."

மண்ணெண்ணெய் பாட்டிலும் பழைய பல் பிரஷும் ஸ்பேனரும் ஸ்குரூடிரைவரும் கூடையில் ஏறின. அவள் ஒரு முழுக் காலையும் கழுவினாள். எத்தனையோ கல்யாணங்களின் தூசி, எத்தனையோ ஊர்களின் புழுதி, மசியாகி உருகிச் சொட்டுச் சொட்டாகக் கீழே விழுந்தது. ஒரு கைக்குழந்தைக்காரி அதை விரலால் தொட்டுக் குழந்தையின் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்தாள், அதைப் பார்த்து இன்னொருத்தி வைத்தாள், மத்தியானத்துக்குள் வெள்ளூத்தில் கன்னம் கறுக்காத குழந்தை இல்லை. நல்லவேளையாக, சொட்டியது காருக்கு ஒரு கணக்காகப் படவில்லை போலும், அது ஏறவில்லை.

இரும்புக் கைகள் இப்போது லேசாக அசைந்தன. சாய்ந்ததை நிமிர்த்தினாள், அது நிமிர்ந்து நின்றது, விரலை எடுத்ததும் மெல்ல மறுபடி சாய்ந்தது. உற்றுப் பார்த்தாள். கை கோத்திருந்த ஊசிக்கும் துளைக்கும் நடுவே இருக்கவேண்டிய புஷ் என்கிற வளையம் தேய்ந்து, ஒரு பக்கம் பிறைபோலக் கரைந்து கிடந்தது. அந்த இடைவெளியில்தான் கை ஆடுகிறது, ஆடி ஒரு கியருக்கும் இன்னொரு கியருக்கும் நடுவே போய்ச் சிக்கிக்கொள்கிறது. புது புஷ் போட்டால்தான் நிற்கும் என்று அவளுக்கும் தெரிந்தது, கீழே மஸ்தான் பாய்க்கும் தெரிந்தது.

"அளவு வேணுமேம்மா!" என்றார் அவர். "நூல் ஏதாச்சும் இருக்கா? ஊசியைச் சுத்தி ஒரு முடிச்சு, துளையைச் சுத்தி ஒரு முடிச்சு."

அவள் பவுன்ராஜைப் பார்த்தாள். கூடை சாப்பாடு வாங்கத் தெருவுக்குப் போயிருந்தது, காருக்குள் இருந்த நூல் ஒன்றுதான்: அவள் மணிக்கட்டில் கட்டியிருந்த மஞ்சள் காப்பு. புகுந்த வீட்டில், சாமி முன்னால், மாமியார் அவிழ்க்கவேண்டியது. பவுன்ராஜ் யோசித்தான். பிறகு தன் பல்லாலேயே முடிச்சைக் கடித்து அவிழ்த்து, அவளிடம் நீட்டினான்.

அந்த மஞ்சள் நூல் இரண்டு முடிச்சுகளோடு காற்றில் சுழன்று இறங்கியதை வீதியே பார்த்தது. அது போனதற்கும் கார் ஏறவில்லை. ஆனால் கீழே பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். இரண்டு பேர் சொர்ணத்தாயிடம் சொல்ல ஓடினார்கள்.

மேல்காற்று அப்போதுதான் இறங்கியது. எங்கள் பள்ளத்தாக்கில் ஆனி பாதியானால் மலையிடுக்கு வழியாக வருகிற காற்று. வாழையை முறிக்கும், ஓட்டைப் பிரிக்கும். முதல் வீச்சிலேயே கார் கிழக்கே தள்ளாடியது, நாலு கயிறுகளும் வீணைக் கம்பிபோல முனகின. கிழக்கே, ஊர் முடிகிற இடத்தில், மொட்டைப்பாறை நிற்கிறது. கயிறு விட்டால் கார் எங்கே போய் மோதும் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மஸ்தான் பாய் நூலை அளந்துவிட்டுக் கையைப் பிசைந்தார். "இரும்புல கடைஞ்சா இரும்பை இரும்பு கடிக்கும், மறுபடி மாட்டும். பித்தளை வேணும். கட்டியான பித்தளை எங்கிட்ட இல்ல. டவுனுக்குப் போய் வர்றதுக்குள்ள காத்து விடாது."

அப்போது கூட்டம் விலகியது. சொர்ணத்தாய் வந்தாள். அந்த வீதிக்கு நடுவே நின்று, கதவைச் சாத்திக்கொண்ட பிறகு முதல்முறையாக, கையை நெற்றிக்குக் குடைபிடித்து அண்ணாந்து பார்த்தாள். மருமகள் மட்கார்டில் உட்கார்ந்திருந்தாள், கைகள் முழங்கை வரை கறுப்பு, முகத்தில் ஒரு கறுப்புத் தீற்றல். மகன் கதவோரம் கயிற்றை இறுக்கிப் பிடித்திருந்தான்.

"ஏத்தா, மின்னலு!"

"அத்தை!"

"ஏன் எங்கிட்ட மறைச்ச?"

"சொல்ல விடல அத்தை. அதுக்காக நான் செஞ்சது சரின்னு சொல்லல." காற்றுக்கு மேலே அவள் குரலை உயர்த்தினாள். "சொல்லியிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பீங்களா?"

சொர்ணத்தாய் பொய் சொல்லிப் பழகாதவள். நின்று யோசித்தாள். வீதி முழுக்க அவள் வாயையே பார்த்தது.

"சொல்லியிருப்பேன்" என்றாள்.

மேலே அந்தப் பெண்ணின் தலை குனிந்தது.

"இப்பச் சொல்ல மாட்டேன்" என்றாள் சொர்ணத்தாய். பிறகு மஸ்தான் பாயின் பக்கம் திரும்பி, "என்ன வேணும்ங்கிற? பித்தளையா?" என்று கேட்டுவிட்டு விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தாள். திரும்பி வந்தபோது அவள் இடுப்பில் ஒரு குத்துவிளக்கு இருந்தது, மருமகள் வந்து ஏற்றுவதற்காகப் புளிபோட்டு விளக்கிவைத்திருந்த விளக்கு. அதன் உச்சியிலிருந்த அன்னப்பறவையை மறை திருகுவதுபோலத் திருகி எடுத்து, எலுமிச்சை அளவு இருந்த அந்த அன்னத்தை மஸ்தான் பாயின் உள்ளங்கையில் வைத்தாள். "இது கட்டிப் பித்தளை. எங்கம்மா வீட்டுச் சீர். இதைக் கடை."

கடைசல் இயந்திரத்தில் அன்னத்தின் கழுத்து முதலில் போனது, பிறகு அலகு, பிறகு சிறகு. பொன்னிறச் சுருள்கள் பட்டறை எங்கும் பறந்தன. கடைசியில் ஒரு சுண்டுவிரல் மோதிரம்போல வழவழப்பான புஷ் ஒன்று மிஞ்சியது. அதைக் கூடையில் வைத்து இழுத்தபோது காற்று கூடையைச் சுழற்றியது, தேநீர் ஏற்றிப் பழகிய கைகள்தான் அதைச் சிந்தாமல் மேலே சேர்த்தன.

அவள் பழைய புஷ்ஷைத் தட்டி எடுத்து, புதிதைத் துளையில் வைத்து, ஸ்குரூடிரைவரின் பிடியால் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தபோது மேற்குப் பக்கக் கயிறு ஒன்று அறுந்தது. கார் அப்படியே ஒருக்களித்துச் சாய்ந்தது. அவள் மட்கார்டிலிருந்து வழுக்கினாள், இரண்டு கால்களும் காற்றில் தொங்கின, கீழே ஊரே ஒரே குரலில் அலறியது. பவுன்ராஜ் கயிற்றோடு கதவுவரை இழுபட்டு வந்து, கதவுச்சட்டத்தில் தோளை முட்டுக்கொடுத்து நின்றான்.

"விட மாட்டேன், பயப்படாத!" என்று கத்தினான். அவன் அவ்வளவு சத்தமாகக் கத்தி அவன் அம்மாவே கேட்டதில்லை.

"நான் பயப்படல, நீங்க நகராம நில்லுங்க!" என்று அவளும் கத்தினாள். கயிற்றைப் பற்றி மறுபடி ஏறி உட்கார்ந்தாள். ஸ்குரூடிரைவர் கையிலேயே இருந்தது. புஷ் உள்ளே இறங்கியது. ஊசியைக் கோத்தாள், பின்னை வளைத்தாள், சாய்ந்த கையை நிமிர்த்தினாள். விரலை எடுத்தாள். அது நின்றது. பக்கத்துக் கையும் இதுவும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்போல ஒரே மட்டத்தில் நிற்கும்வரை கம்பியின் நட்டைத் திருகி, பூட்டி, பானெட்டைச் சாத்திவிட்டு, அவள் பின்சீட்டுக்குப் போகவில்லை. டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்தாள்.

"எல்லாரும் ஒதுங்குங்க!" என்றாள்.

நாற்காலி, வெள்ளரிக்கூடை, கிளிக்கூண்டு, பூக்கூடை எல்லாம் ஓரமாகப் போயின. அவள் கிளட்சை மிதித்து, கியர்த்தண்டை உள்ளங்கையில் வாங்கி, இழுக்கவில்லை, தூங்குகிற பிள்ளையின் கையிலிருந்து சாமானை எடுப்பதுபோல எடுத்தாள். தண்டு நகர்ந்தது. கார் ஓடுகளின் மட்டத்துக்கு வந்தது. இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். தபாலாபீஸ் மாடிக்கு வந்தது. காற்று தள்ளியது, மூன்று கயிறுகளையும் ஊர் பிடித்தது, தண்டு நியூட்ரலில் வந்து விழுந்த சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது, கார் அடைகாக்க உட்காரும் கோழியைப்போல ஒருமுறை உடம்பை ஆட்டிக்கொண்டு தரையில் அமர்ந்தது.

யாரும் கைதட்டவில்லை. அதற்கெல்லாம் தோன்றவில்லை. மஸ்தான் பாய் மட்டும் போய்ச் சக்கரத்தை உதைத்துப் பார்த்தார்.

"எறங்கிட்டமா?" என்று ராயப்பன் கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"எறங்கிட்டோம்ணே. நீங்க ஓட்டுறீங்களா?"

"என் காலு இன்னும் வரல தாயி. நீயே ஓட்டு. ஒன் கைக்குத்தான் கட்டுப்படுது."

"எல்லாக் கைக்கும் கட்டுப்படும்ணே, இனிமே" என்றாள்.

சொர்ணத்தாய் அதற்குள் வீட்டுக்கு ஓடி, தட்டில் மஞ்சள்நீர் கலக்கிச் சுண்ணாம்பு கரைத்து, நடுவில் சூடத்தை ஏற்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். கார் கிளம்பியது. முதல் கியர், ஒரு முனகல் இல்லை. இரண்டாவது, வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல. கிட்டங்கி முனையில் அவள் கை மூன்றாவதுக்குப் போனபோது வீதியின் இரண்டு பக்கமும் தலைகள் தாமாக அண்ணாந்தன, தண்டு விழுந்தது, நாலு சக்கரமும் மண்ணிலேயே உருண்டன. எங்களில் சிலருக்கு நிம்மதி, சிலருக்கு, உண்மையைச் சொன்னால், மனசுக்குள் ஒரு சின்ன ஏமாற்றம்.

கார் சொர்ணத்தாயின் வாசலுக்கு வந்தது. வந்த வேகத்தில் வாசலைத் தாண்டியும் போனது. டிரைவர் சீட்டில் மின்னல்கொடி கறுத்த கையை ஆட்டிச் சிரித்தாள், பின்சீட்டிலிருந்து பவுன்ராஜ் எட்டி அம்மாவுக்கு ஏதோ சைகை செய்தான், வண்டி மலைப்பாதையைப் பார்க்கத் திரும்பியது.

பக்கத்து வீட்டுக்காரி பதறினாள். "என்னக்கா, நிக்காமப் போறா! சூடம் அணைஞ்சிரப் போகுது!"

சொர்ணத்தாய் தட்டோடு வாசற்படியில் உட்கார்ந்தாள். "இத்தன நாளு மேலேயே கெடந்த புள்ள" என்றாள். "ஒரு சுத்து சுத்திட்டு வரட்டும். அணைஞ்சா இன்னொண்ணு கொளுத்திக்கிறேன்."

பிறகு பக்கத்து வீட்டுக்காரியைக் கையமர்த்திவிட்டு, தலையைச் சாய்த்து, முதல் வளைவில் தன் மருமகள் கியர் மாற்றுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.